இணையதளம் முடங்கினாலே டிடாஸ் தாக்குதலா?

கேள்வி சுருக்கமாக இது. ஒரு சங்கத்தின் இணையதளம் ஒரு மாலை முழுக்கத் திறக்கவில்லை. தளத்தைப் பராமரிப்பவர் "டிடாஸ் அட்டாக்" என்று சொல்லி முடித்துவிட்டார். அப்படியென்றால் என்ன? உறுப்பினர்களின் தகவல்கள் திருடுபோயிருக்குமா? அவர்களுக்கு அனுப்பும் அறிவிப்பில் இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

நடுவில் உள்ள கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். டிடாஸ் தாக்குதலில் யாரும் உள்ளே நுழைவதில்லை. கடவுச்சொல்லைப் பறிப்பதோ தரவுத்தளத்தைப் படிப்பதோ அதன் வேலை இல்லை. வெளியே நின்றுகொண்டே, வர வேண்டியவர்கள் வர முடியாதபடி செய்வதுதான் அதன் நோக்கம். ஆகவே நடந்தது டிடாஸ் மட்டும்தான் என்றால் அதனால் எந்தத் தகவலும் திருடுபோகாது. ஆனால் நடந்தது டிடாஸ்தானா என்பதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. என் பதிலில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

பெயரை வேகமாகப் பார்த்துவிடலாம். டினையல் ஆஃப் சர்வீஸ் என்பதன் சுருக்கம் டாஸ்: ஒரு சேவை அதைப் பயன்படுத்த வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் செய்வது. தாக்குதல் ஒரே இடத்திலிருந்து வராமல், பல இடங்களில் பரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கருவிகளிலிருந்து ஒரே சமயத்தில் வந்தால், 'டிஸ்ட்ரிபியூட்டட்' என்பதற்காக முன்னால் இன்னொரு 'டி' சேரும். சிலர் டிடிஓஎஸ் என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள், பேச்சில் டிடாஸ்தான். (டாஸ் என்றதும் பழைய கணினிகளின் கறுப்புத் திரை நினைவுக்கு வருபவர்களுக்கு: அதற்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை.) தமிழில் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் விஷயம் தெரியாதவர் படித்தால் சர்வரே யாருக்கோ சேவை தர மறுத்துவிட்டது போலத் தோன்றும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பழைய சம்பவத்திலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். 1996 செப்டம்பரில் நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணைய சேவை நிறுவனம் நாள்கணக்கில் திணறியது. ஒரு கணினி சர்வரோடு பேசத் தொடங்கும்போது மூன்று படியில் அறிமுகம் நடக்கும். 'பேசலாமா?' என்று இது கேட்கும். 'பேசலாம், நீ தயாரா?' என்று சர்வர் பதில் அனுப்பும். 'தயார்' என்று இது முடிக்கும். முதல் படிக்கு சின் என்று பெயர். மூன்றாவது படி வரும்வரை அந்த அரைகுறை இணைப்பை சர்வர் நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் வரிசையில் அந்தக் காலத்தில் இடம் மிகவும் குறைவு. பானிக்ஸைத் தாக்கியவர் போலி முகவரிகளைப் போட்டு முதல் படியை மட்டும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது படி வரவே வராது. வரிசை நிரம்பியதும் உண்மையான வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் போனது.

இதில் பானிக்ஸின் இணைப்பு அடைத்துப்போகவில்லை. வந்தவை சின்னஞ்சிறு பொட்டலங்கள் (வலையில் தரவு இப்படித் துண்டு துண்டாகத்தான் பயணிக்கும்), எண்ணிக்கையும் பெரிதில்லை. நிரம்பியது சர்வரின் நினைவில் இருந்த ஒரு சிறு பட்டியல்தான். டிடாஸ் என்றதும் எல்லோரும் 'ஏராளமான டிராஃபிக்' என்று நினைக்கிறார்கள், ஆனால் தாக்குபவர் தேடுவது எங்கே இடம் குறைவு என்பதை. அது இணைப்பின் அகலமாக இருக்கலாம், நினைவகமாக இருக்கலாம், தரவுத்தளம் ஒரே நேரத்தில் ஏற்கும் கேள்விகளின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம். பானிக்ஸ் சம்பவத்தை ஒட்டி டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த தீர்வுக்கு சின் குக்கி என்று பெயர். சர்வர் எதையும் நினைவில் வைக்காது. தேவையான விவரத்தைத் தான் அனுப்பும் பதில் எண்ணுக்குள்ளேயே பொதிந்து அனுப்பிவிடும், எதிராளி அந்த எண்ணோடு திரும்பி வந்தால் மட்டும் சரிபார்த்து இணைப்பைத் திறக்கும். எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடித்த யோசனை அது. வரிசையைப் பெரிதாக்கலாமா என்று மற்றவர்கள் யோசித்தபோது, வரிசையே வேண்டாம் என்றார் மனிதர்.

பரவல் என்ற பகுதி 1999 வாக்கில் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு கணினியின் மீது ட்ரினூ என்ற கருவியின் மூலம் 200க்கும் மேற்பட்ட கணினிகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. இரண்டு நாளுக்கு மேல் அது எழவில்லை. அந்தக் கணினிகளின் சொந்தக்காரர்களுக்கு இதில் பங்கே இல்லை, யாரோ அவற்றில் ஏற்கெனவே புகுந்து கருவியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதுவரை தாக்கும் முகவரியைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது ஒன்றை அடைத்தால் அடுத்தது வரும். ஆறு மாதம் கழித்து, 2000 பிப்ரவரியில், யாகூ, ஈபே, அமேசான், சிஎன்என் தளங்கள் அடுத்தடுத்து முடங்கியபோதுதான் செய்தித்தாள்களுக்கே இந்தச் சொல் தெரியவந்தது. செய்தது கனடாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன். அப்படிப் பிடிக்கப்பட்ட, ஒருவர் ஏவியதும் ஒரே இலக்கின் மீது பாயும் கணினிக் கூட்டத்தைத்தான் பாட்நெட் என்கிறார்கள்.

தாக்கும் கணினிகள் அதிகம் இல்லாவிட்டாலும் தாக்குதலைப் பெருக்க வழி இருக்கிறது. இணையத்தில் சில சேவைகள் சிறிய கேள்விக்குப் பெரிய பதில் தரும். கேட்பவர் யார் என்று சரிபார்ப்பதும் இல்லை. தாக்குபவர் கேள்வியை அனுப்பும்போது அனுப்புநர் முகவரியாக உங்கள் தளத்தின் முகவரியைப் போட்டுவிடுவார். பதில் முழுக்க உங்கள் மேல் வந்து விழும். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் மீது இப்படி, தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் பெயர்ச் சேவை சர்வர்களை வைத்து நொடிக்கு சுமார் 300 கிகாபிட் பாய்ச்சினார்கள். 2018 பிப்ரவரியில், நிரலாளர்கள் தங்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் மீது மெம்கேஷ்டு என்ற மென்பொருளை வைத்து நொடிக்கு 1.35 டெராபிட், அதாவது 1,350 கிகாபிட். இந்த மென்பொருள் ஒரு நிறுவனத்தின் உள்வலையில் மட்டும் இயங்க வேண்டியது. பலர் அதைக் கவனிக்காமல் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். 15 பைட் கேள்விக்கு 750 கிலோபைட் பதில், கிட்டத்தட்ட 51,000 மடங்கு. கிட்ஹப் சில நிமிடங்களில் டிராஃபிக்கை வேறொரு பாதுகாப்பு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிட்டு மீண்டது.

போலி முகவரியோடு கிளம்பும் பொட்டலங்களை அவை கிளம்பும் இடத்திலேயே இணைய சேவை நிறுவனங்கள் தடுத்துவிடலாம். எப்படிச் செய்வது என்று விளக்கும் பரிந்துரை 2000ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் செலவு செய்பவர் ஒருவர், நன்மை அடைபவர் வேறொருவர். அதனால் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எல்லோரும் செய்து முடிக்கவில்லை. இந்தத் துறையில் எனக்குத் தீராத எரிச்சல் இதில்தான்.

2016இல் கதை வேறு பக்கம் திரும்பியது. மிராய் என்ற தீநிரல் கணினிகளை விட்டுவிட்டு கண்காணிப்பு கேமரா, ரௌட்டர், வீடியோ பதிவுக் கருவி போன்றவற்றைத் தேடிப் போனது. அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற பாதுகாப்புச் செய்தியாளரின் தளத்தின் மீது நொடிக்கு சுமார் 620 கிகாபிட் விழுந்தது. அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தின் மீது பாய்ந்ததும் ட்விட்டர், ஸ்பாட்டிஃபை, ரெடிட் என்று வரிசையாகப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் வேலையை அவற்றுக்காகச் செய்துவந்தது டின். முகவரி சொல்பவர் பேச்சிழந்ததும் யாருக்கும் வழி தெரியவில்லை. மிராயை எழுதியவர்கள் கல்லூரி வயது இளைஞர்கள், ஆரம்பத்தில் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் நடத்தும் போட்டியாளர்களை முடக்கத்தான் அதைப் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு வகை ஓசையில்லாமல் வரும். 2009இல் வெளியான ஸ்லோலாரிஸ் என்ற கருவி ஒரே ஒரு கணினியிலிருந்து சில வகை வலை சர்வர்களை நிறுத்திவிடும். கோரிக்கையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல், இணைப்பு அறுந்துவிடாத அளவுக்கு மட்டும் துளித்துளியாக அனுப்பிக்கொண்டிருக்கும். டிராஃபிக் வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. இதற்கு நேர் எதிராக, 2023 ஆகஸ்ட்டில், உலாவியும் வலை சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி இரண்டாம் பதிப்பின் ஓர் அம்சத்தை வைத்து, கோரிக்கையை அனுப்பி உடனே ரத்து செய்து மறுபடி அனுப்பும் உத்தியில் கூகுள் மீது நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வந்தன. தளங்களைப் பொறுத்தவரை தேடல் பெட்டிதான் எனக்குப் பயம். முகப்புப் பக்கத்தை ஆயிரம் முறை கேட்டால் சேமித்து வைத்த நகலைக் கொடுத்துவிடலாம். தேடலை ஆயிரம் வெவ்வேறு சொற்களோடு கேட்டால் ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

செய்திகளில் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம், அலகைப் பாருங்கள். இணைப்பை நிரப்பும் தாக்குதலை நொடிக்கு எத்தனை பிட் என்று அளப்பார்கள், ரௌட்டரைத் திணறடிப்பதை எத்தனை பொட்டலம் என்று, தளத்தின் நிரலைக் களைக்க வைப்பதை எத்தனை கோரிக்கை என்று. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு 'இதுவே பெரியது' என்று எழுதுவதில் பொருள் இல்லை. பிட்டும் பைட்டும் அடிக்கடி இடம் மாறிவிடும், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 2025 மே மாதம், தளங்களைக் காக்கும் கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் தடுத்த ஒரு தாக்குதல் உச்சத்தில் நொடிக்கு 7.3 டெராபிட்டைத் தொட்டது, நீடித்தது 45 நொடி. செப்டம்பருக்குள் 22 டெராபிட்டைத் தாண்டிய ஒன்றையும் அதே நிறுவனம் தடுத்துவிட்டது. உங்கள் சங்கத்தின் தளத்தைச் சாய்க்க இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

சரி, இப்போது சொல்லின் பயன்பாட்டுக்கு வருகிறேன். டிடாஸ் என்று ஒருவர் சொல்லும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறார்: சேவை முடங்கியது, அதை யாரோ வேண்டுமென்றே செய்தார். முதல் பாதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது பாதிக்குச் சான்று வேண்டும், பலரும் சறுக்குவது அங்கேதான். கூகுளே சறுக்கியிருக்கிறது. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியபோது அவர் பெயரைத் தேடியவர்களின் திடீர்ப் பெருக்கத்தை அவர்களின் அமைப்பு தானியங்கித் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு, செய்திப் பிரிவில் தேடிய பலருக்குச் சிறிது நேரம் பிழைப் பக்கத்தைக் காட்டியது.

அது இயந்திரத்தின் தவறு. மனிதர்கள் செய்தது இன்னும் சுவாரசியம். 2017 மே மாதம் அமெரிக்காவின் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் பொதுமக்களின் கருத்தைப் பெறும் தன் தளம் டிடாஸ் தாக்குதலால் முடங்கியதாக அறிவித்தது. முந்தின இரவு ஒரு தொலைக்காட்சி நகைச்சுவையாளர் அதே தளத்துக்குப் போய்க் கருத்தைப் பதிவு செய்யுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆணையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் விசாரித்து 2018இல் அறிக்கை தந்தது: தாக்குதல் எதுவும் இல்லை, வந்தவர்கள் நிஜ மனிதர்கள், தளத்தின் வடிவமைப்பும் சரியில்லை. கருத்துச் சொல்ல வந்த குடிமக்களைத் தாக்குபவர்கள் என்று அரசு அமைப்பே சொன்னதாக முடிந்தது அது.

நடுவாந்திரமான நிகழ்வும் உண்டு. 2016 ஆகஸ்ட் 9 இரவு ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளம் மூடப்பட்டு, சுமார் 40 மணி நேரம் மூடியே கிடந்தது. தாக்குதல் நடந்தது உண்மை. ஆனால் பின்னர் நடந்த ஆய்வில் அவை மிகச் சிறியவை, முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டியவை என்று தெரிந்தது. வெளிநாட்டு டிராஃபிக்கைத் தடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை, ஒரு ரௌட்டர் மறுபடி எழவில்லை, உள்ளேயிருந்து தகவல் வெளியே போகிறது என்று ஒரு கண்காணிப்புக் கருவி பொய் எச்சரிக்கை தந்தது. பயந்துபோய் அவர்களே தளத்தை மூடிவிட்டார்கள். யாருடைய தகவலும் போகவில்லை. இதை டிடாஸால் முடங்கிய தளம் என்று சொல்லலாமா? பாதி உண்மை என்பேன், பழியில் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கிறது.

தாக்குபவர்களில் சிலர் இதைப் போராட்டம் என்கிறார்கள். 1998இல் மெக்சிகோவில் பழங்குடியினரின் உரிமைக்காகப் போராடிய சபதிஸ்தா இயக்கத்துக்கு ஆதரவாக, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மெக்சிகோ அதிபரின் தளத்தை மறுபடி மறுபடி திறக்க ஒரு கருவி செய்தார்கள், அதை மெய்நிகர் உள்ளிருப்பு என்றார்கள். 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்குப் பணம் போவதை நிறுத்திய பேபால், விசா, மாஸ்டர்கார்டு மீது அனானிமஸ் என்ற பெயரில் இணையத்தில் சேர்ந்த முகம் காட்டாத குழுவினர் பாய்ந்தபோதும் அதே வாதம்தான். ஆளுக்கொரு கணினியோடு வந்து அமர்பவர்களை வைத்து அந்த வாதத்தைப் பேசலாம். திருடிய ஒரு லட்சம் கேமராக்களை வைத்து ஒருவர் செய்வதற்கு அது பொருந்தாது. எப்படியிருந்தாலும் 2011இல் அந்த பேபால் விவகாரத்துக்காகப் பலர் கைதானார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி சொந்த ஐபி முகவரியை மறைக்கவே இல்லை.

சட்டமும் தடுமாறித்தான் இங்கே வந்து சேர்ந்தது. பிரிட்டனில் ஓர் இளைஞர் தன்னை வேலையிலிருந்து நீக்கிய நிறுவனத்துக்கு 50 லட்சம் மின்னஞ்சல்களைக் குவித்தார். மின்னஞ்சல் பெறத்தானே அந்த சர்வர் இருக்கிறது, இது குற்றம் ஆகாது என்றார் முதலில் விசாரித்த நீதிபதி. 2006இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அதே ஆண்டு சட்டத்தையும் திருத்தி ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தார்கள். இன்று காசு கொடுத்தால் தாக்கித் தரும் தளங்களே உண்டு. 2018இல் ஐரோப்பியக் காவல்துறைகள் சேர்ந்து மூடிய வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்ற தளத்தில் 1,36,000 பயனர்கள், மாதக் கட்டணம் 15 யூரோவிலிருந்து. ஆகவே 'எங்களை யார் தாக்கப் போகிறார்கள்' என்றும் சொல்லிவிட முடியாது.

உங்கள் பராமரிப்பாளரிடம் திரும்பி வருவோம். அவரை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை, அணுகல் பதிவைக் கேளுங்கள். எந்த முகவரிகள், எந்தப் பக்கத்தை, எத்தனை முறை கேட்டன என்பதெல்லாம் அதில் இருக்கும். மனிதர்கள் கூட்டமாக வந்திருந்தால் முகப்புக்கு வந்து, படங்களை இறக்கி, அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள், ஏதோ ஒரு செய்தியோ பகிர்வோ அவர்களை அனுப்பியிருக்கும். தாக்குதல் என்றால் பெரும்பாலும் ஒரே பக்கம், படம் எதுவும் இறக்காமல், சம்பந்தமில்லாத நாடுகளிலிருந்து, கடிகாரம் தவறாமல் வரும். தேடுபொறிகளின், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் நகலெடுக்கும் நிரல்கள் வந்திருந்தால் பல தங்கள் பெயரைச் சொல்லிவிடும். சிறு தளங்களில் இப்போது நான் அடிக்கடி காண்பது இவற்றைத்தான், தாக்குதலை அல்ல. பதிவில் எதுவுமே வழக்கத்துக்கு மாறாக இல்லையென்றால் அன்று மதியம் யாராவது எதையாவது புதுப்பித்தார்களா, வட்டு நிரம்பியதா, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆனதா என்று கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு: பாய்ந்தது இணைப்பையே நிரப்பும் வகை என்றால் அது உங்கள் சர்வர்வரை வந்தே சேர்ந்திருக்காது, பதிவிலும் இருக்காது. அப்போது ஹோஸ்டிங் நிறுவனத்திடம்தான் வரைபடம் இருக்கும். பிற வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற உங்கள் முகவரிக்கு வரும் அனைத்தையும் அவர்களே குப்பைக்குத் திருப்பிவிட்டிருக்கவும் கூடும். அதை பிளாக்ஹோல் செய்வது என்பார்கள். தாக்கியவர் விரும்பியதை அவருக்காக நாமே செய்து கொடுப்பதுதான் அது, வேறு வழி இல்லாதபோது செய்கிறார்கள். மறுபடி நடக்காமலிருக்க, தளத்துக்கு முன்னால் ஒரு சிடிஎன் சேவையை (தளத்தின் நகலைப் பல இடங்களில் வைத்துக்கொண்டு உங்கள் சர்வருக்குப் பதிலாகப் பார்வையாளர்களுக்குக் கொடுப்பது) வைத்து சர்வரின் நிஜ முகவரியை மறைக்கச் சொல்லுங்கள், பழைய முகவரியை மாற்றாமல் விட்டால் அது வீண் வேலை. தேடலுக்கும் உள்நுழைவுக்கும் ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைக்கச் சொல்லுங்கள். சங்கத்தின் அளவுக்கு இவை போதும்.

கடைசியாக அறிவிப்பு. 'ஹேக் செய்யப்பட்டது' என்று எழுதாதீர்கள், அது உள்ளே நுழைந்ததைக் குறிக்கும், வீண் பீதி. பதிவைப் பார்க்கும்வரை 'தாக்குதல்' என்றும் எழுத வேண்டாம்: "நேற்று மாலை நமது இணையதளம் செயல்படவில்லை. காரணத்தை ஆராய்ந்துவருகிறோம். உறுப்பினர் தகவல்கள் வெளியானதற்கான அறிகுறி இதுவரை தென்படவில்லை." அந்த மூன்றாவது வரியையும் தரவுத்தளத்தைச் சரிபார்த்த பிறகே சேர்க்கவும். பதிவு தாக்குதல்தான் என்று காட்டினால் இரண்டாவது வரியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: "ஏராளமான கருவிகளிலிருந்து ஒரே நேரத்தில் போலிக் கோரிக்கைகளை அனுப்பித் தளத்தை முடக்கும் டிடாஸ் தாக்குதல் நடந்திருப்பது தெரியவந்துள்ளது."